ஓட்டுக்கூரை வண்டும் டயர்த் தோட்டத்துக் கொசுவும்: ஒரு பள்ளி வளாகத்தின் மூன்று வருடக் கணக்கு

குமரி மாவட்டம் திருவட்டாறு தாலுகாவில், ரப்பர் விளைகளுக்கு (தோட்டங்களுக்கு) நடுவே இருக்கிற ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியன். பள்ளியின் பெயர் இதற்குத் தேவையில்லை. மூன்று பக்கம் ரப்பர், நாலாவது பக்கம் சானல் (பாசனக் கால்வாய்). முன்கட்டடம் கான்கிரீட். பின்னால் ஆறாம், ஏழாம் வகுப்புகள் நடக்கும் பழைய கட்டடம் ஓடு போட்டது. அதை ஒட்டிச் சத்துணவுக் கூடம், ஒரு பெரிய பிலாவு (பலா மரம்), கழிப்பறை. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் இதற்குள்தான் நடந்தது.

மூன்று வருடம் முன்பு, ஜூன் மாதம் பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தபோது, ஓட்டுக் கட்டடத்தைப் பெருக்கப் போன அக்கா துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். போய்ப் பார்த்தேன். கழுக்கோலுக்கும் (கூரையைத் தாங்கும் மரச் சட்டம்) ஓட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு முழுக்கக் கறுப்பு. அசையாமல், அடுக்கடுக்காக வண்டு. டார்ச் அடித்ததும் நாலைந்து பொத்துப் பொத்தென்று பெஞ்சில் விழுந்தன. எங்கள் பக்கம் இதை ரப்பர் வண்டு என்பார்கள், கேரளத்தில் முப்ளி வண்டு. கடிக்காது. ஆனால் தொந்தரவு செய்தாலோ நசுக்கினாலோ ஒரு நீரை விடும், நாற்றமும் சேர்ந்து வரும். அந்த நீர் பட்ட தோல் சிவந்து எரியும், சிலருக்குப் பொள்ளும். பத்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் ஒன்று விழுந்தால் அது கையால் தேய்க்கத்தான் செய்யும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை சாயங்காலம் அவசரக் கூட்டம். தலைமை ஆசிரியை, பெற்றோர் கழகத்தில் இருந்து மூன்று பேர், நான். வாழைக்கு மருந்து அடிக்கிற ஒருவரை எல்லோருக்கும் தெரியும், திங்கட்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்றார்கள். "சாரே, நீங்க சயின்ஸ் ஆளு, நீங்களே சொல்லுங்க" என்று என் பக்கம் தள்ளினார்கள். நான் சரி என்றேன். என்ன மருந்து என்று கேட்கவில்லை. பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கவும் இல்லை. அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

ஞாயிறு மதியம் அவர் வந்து கூரை முழுக்க அடித்தார். டேங்கில் மீதம் இருந்ததை வீணாக்க வேண்டாம் என்று மதில் ஓரச் செடிகளுக்கும் அடித்துவிட்டுப் போனார். திங்கள் காலை கதவைத் திறந்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி. பெஞ்சு, தரை, ஜன்னல் படி எல்லாம் செத்ததும் சாகாததுமாக வண்டு. கூட்டித் தள்ளிவிட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். இரண்டாவது பாடவேளையில் ஒரு பெண் பிள்ளை வாந்தி எடுத்தாள். அதன்பின் தலைவலி, கண்ணில் நீர், இன்னும் நாலு பேர். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மாலை வரை வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்பதைத்தான் நான் இப்போதும் நினைக்கிறேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆள் அனுப்பி, விளையின் மூலையில் கிடந்த காலி பாட்டிலை எடுத்து வந்தார்கள். ஆர்கனோபாஸ்பேட் கலந்த பயிர் மருந்து. லேபிளில் மஞ்சள் முக்கோணம்.

அந்த முக்கோணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பூச்சிமருந்துச் சட்டம் 1968-ல் வந்தது, அதன் விதிகள் 1971-ல். அந்த விதிகளின்படி ஒவ்வொரு பாட்டிலிலும் சாய்சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு கடும் விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் நிறம் வைத்தார்கள். எம்.எஸ்ஸி. படித்த நான் பார்க்கவில்லை. ஆர்கனோபாஸ்பேட் பூச்சியின் நரம்பை எப்படித் தாக்குகிறதோ அதே வழியில்தான் மனித நரம்பையும் தாக்குகிறது. எச்சில் ஊறும், கண்ணில் நீர் வரும், வாந்தி வரும், கண்மணி சுருங்கும். எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் காற்றை இழுக்கிறார்கள். பெஞ்சைத் தொட்ட கை அடுத்த நிமிடம் வாயில். நமக்குப் பொறுக்கிற அளவு அவர்களுக்குப் பொறுக்காது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. மதிலுக்கு அந்தப்புறம் ஒருவர் தேனீப் பெட்டி வைத்திருந்தார். ரப்பர் புதுத்தளிர் விடும் காலத்தில் இலைக்காம்பில் மதுரம் சுரக்கும். மார்த்தாண்டம் தேனில் பெரும் பங்கு பூவிலிருந்து வருவதில்லை, இந்தத் தளிரிலிருந்துதான் வருகிறது. தளிர்க் காலம் முடிந்தபின் தேனீக்கு மதில் ஓரப் பூக்கள்தான் கதி, அதில்தான் எங்கள் மீதி மருந்து விழுந்தது. இரண்டு பெட்டி வாசலில் தேனீ குவிந்து கிடந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. "தொண்ணூறுல நோய் வந்து மொத்தமும் போச்சு சாரே, அதுக்கு ஆரையும் குத்தம் சொல்ல முடியாது. இது அப்படி இல்லியே" என்றார், அவ்வளவுதான். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீக் கூட்டங்களைத் துடைத்துப் போட்டதைச் சொல்கிறார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வண்டு எங்கே பிறந்தது?

அந்த வாரம் ஓட்டுக் கட்டடத்தைப் பூட்டிவிட்டு, வகுப்புகளை அரங்குக்கு மாற்றினோம். பெஞ்சுகளை வெளியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் போட்டோம். அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். தலைமை ஆசிரியை, பெருக்கும் அக்கா, சத்துணவு அமைப்பாளர், பக்கத்து விளையில் ரப்பர் பால் வெட்டும் அண்ணன், நான் என்று ஐந்து பேர் வளாகத்தை ஒரு சுற்று நடந்தோம். எங்கே என்ன பூச்சி என்று எழுதுவதற்கல்ல. அது எங்கே பிறக்கிறது, எதைத் தின்கிறது, எந்த வழியாகப் பிள்ளையிடம் வருகிறது என்று எழுத.

பால் வெட்டும் அண்ணனிடம் கேட்டு அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டதை நான் எந்தப் பயிற்சி முகாமிலும் கேட்டதில்லை. மார்கழி, தையில் ரப்பர் இலை கொட்டும். வண்டு அந்தச் சருகுக்குள் முட்டையிட்டு, உதிர்ந்த தளிரைத் தின்று பெருகும். சித்திரையில் முதல் கோடை மழை விழுந்து சருகு நனைந்ததும் கூட்டமாகக் கிளம்பும். ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்துப் பறந்து, பக்கத்தில் உள்ள கட்டடத்தின் இடுக்கில் ஏறும். ஏறினால் மாதக் கணக்கில் சாப்பாடே இல்லாமல் அங்கேயே கிடக்கும். மறுபடி இலை கொட்டும் காலத்தில் விளைக்குத் திரும்பும்.

"சாரே, லீவுல ராத்திரி முழுக்க உங்க வராந்தாவுல டியூப் லைட் எரிஞ்சுதே" என்றார். எரிந்தது. திருட்டுப் பயத்துக்காக நாங்கள் போட்ட லைட். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில், மூன்று பக்கமும் ரப்பர் இருக்கிற இடத்தில், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறோம்.

அடுத்த கோடையில் வராந்தா லைட்டை அணைத்தோம். காவலுக்கு வேண்டிய லைட்டை ஓட்டுக் கட்டடத்திலிருந்து தூரத்தில், கேட் பக்கம் ஒரு கம்பத்தில், மஞ்சள் வெளிச்சமாகப் போட்டோம். அதன் கீழே அகலமான அண்டாவில் சோப்புக் கரைத்த தண்ணீர். முதலில் அந்த அண்டாவை நான் வகுப்பறைச் சுவர் ஓரமாகவே வைத்தேன், புத்திசாலித்தனமாக. அண்டாவில் விழுந்ததைவிடச் சுவரில் ஏறினது அதிகம். மூன்றாம் நாள் தூக்கிக் கம்பத்தடிக்குக் கொண்டு போனோம். வேப்பெண்ணெய் கரைசலும் அடித்துப் பார்த்தோம், வண்டு அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. சுவரும் ஓடும் சேரும் இடைவெளியில் கொசுவலைக் கம்பியை வைத்து அடைத்ததுதான் உண்மையில் உதவியது. ஏறிவிட்டதை எடுக்கக் கோடை விடுமுறையிலேயே ஒரு நாள். முழுக்கை, கண்ணாடி, கையுறை, நீளக் கம்பில் துடைப்பம், கீழே சோப்புத் தண்ணீர்த் தொட்டி. நசுக்காமல் தள்ளுவதுதான் வேலை.

பக்கத்து விளைக்காரரிடம் சருகு முழுவதையும் அள்ளச் சொல்லலாமா என்று ஒரு பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். அந்தச் சருகுதான் அந்த மண்ணுக்கு உரம், சரிவில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் பிடித்து வைப்பதும் அதுதான். மதிலை ஒட்டிய ஒரு பட்டையை மட்டும் தையில் கூட்டி உள்ளே தள்ளித் தருகிறார். வண்டு இன்னும் வருகிறது. ஓட்டு இடுக்கைக் கறுப்பாக்கும் அளவுக்கு வருவதில்லை.

நத்தை

இது மழைக்கால விருந்தாளி. குமரிக்கு இரண்டு மழை என்பதால் இரண்டு முறை. ஆப்பிரிக்க நத்தையை 1847-ல் ஒரு வெள்ளைக்காரர் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டதாகப் பதிவு இருக்கிறது. அங்கிருந்து எங்கள் சத்துணவுக் கூடத்துப் பின்சுவர் வரை அது நடந்தே வந்ததா என்று ஏழாம் வகுப்பில் ஒருவன் கேட்டான். மண்ணோடு, கன்றோடு, லாரியில்தான் வந்தது. மலையாளம் பேசும் பிள்ளைகள் இதை ஒச்சு என்பார்கள்.

வாழை, பப்பாளி, கீரை எல்லாம் தின்னும். தன் முதுகு ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் வெள்ளையடித்த சுவரையும் சுரண்டும். நாங்கள் கவலைப்பட்டது வேறு காரணத்துக்கு. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் குஞ்சுகள் இந்த நத்தையின் உடம்பிலும் இருக்கும். நத்தையைத் தொட்ட கை வாய்க்குப் போனாலோ, அது ஊர்ந்த கீரையைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்றாலோ மூளை உறைக் காய்ச்சல் வரலாம். கேரளத்தில் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது.

பெற்றோர் கழகத்தில் ஒருவர், "ஒரு நத்தைக்கு ஒரு ரூபா குடுங்க, பிள்ளைக ஒரே நாள்ல பெறக்கித் தந்துடும்" என்றார். மற்றவர்களுக்கும் பிடித்துப் போனது. மேலே சொன்னதை விளக்கிய பிறகு யாரும் பேசவில்லை. இந்த வேலையில் பிள்ளைகள் கை படக்கூடாது, பெரியவர்கள் மட்டும், கையுறையோடு.

விளைகளில் புகையிலைக் கஷாயமும் துரிசும் (காப்பர் சல்பேட்) கலந்து அடிப்பார்கள். நன்றாகவே கேட்கும். பள்ளிக்குள் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும், துரிசு மழையில் கரைந்து சானலுக்குப் போனால் மீன் சாகும். உப்புத் தூவிப் பார்த்தது சத்துணவு அமைப்பாளர். நத்தை செத்தது, அந்தப் பாத்தியில் இருந்த கீரையும் செத்தது.

கடைசியில் எளிய வழிதான். பழைய சாக்கை நனைத்து, உள்ளே பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் தழையும் வைத்து, சாயங்காலம் சுவர் ஓரம் போட வேண்டும். விடியும்போது நத்தை அதற்குள் இருக்கும். கையுறையோடு எடுத்து, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, செத்தபின் தூரத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். முதல் வாரம் தினமும் அரை வாளி. இதைவிடப் பெரிய பலன் கொடுத்தது, சுவர் ஓரம் வருடக் கணக்காகக் கிடந்த உடைந்த ஓட்டுக் குவியலை லாரியில் ஏற்றி அனுப்பியது. பகலில் அது ஒளிந்துகொண்டதும் முட்டை போட்டதும் அங்கேதான். முட்டை மண்ணுக்குள் பட்டாணி அளவில், கொத்தாக, மஞ்சள் கலந்த வெள்ளையில் இருந்தது. ஒரு கொத்தில் நூற்றுக் கணக்கில் இருக்கும்.

எங்கள் சொந்த டயர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெட்கமாக இருக்கிறது. சுற்றுச்சூழல் மன்றத்தின் பொறுப்பாளர் நான். இரண்டு வருடம் முன்னதாகவே பழைய டயர்களுக்குப் பெயின்ட் அடித்து, பாதி மண்ணில் புதைத்து, ஒரு தோட்டம் போட்டிருந்தோம். பரிசுகூட வாங்கினோம். சுற்றி நடந்த அன்று பெருக்கும் அக்கா ஒரு டயருக்குள் கரண்டியை விட்டு எடுத்துக் காட்டினார். வாலாட்டிக்கொண்டு கொசுப்புழு.

டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதாவது பள்ளி நேரத்தில். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் பறக்கும் முன்பே பிடித்துவிடலாம். கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும். முட்டை காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். டயர்களில் பாதியை எடுத்துவிட்டோம், மீதிக்கு அடியில் துளை போட்டு மண் நிரப்பினோம். தண்ணீர்த் தொட்டிக்கு வலை மூடி. கான்கிரீட் கட்டட மொட்டைமாடியில் அடைத்துக் கிடந்த வடிகாலை யாரும் பார்த்ததே இல்லை, அதுவும் சரியானது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறது. புகை அடிக்கிற வண்டியை வரவழைக்கலாமே என்று வருடத்துக்கு ஒருவர் கேட்கிறார். புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், டயருக்குள் இருப்பது மறுநாள் பறக்கும்.

பிலாவில் கடந்தல்

இரண்டாவது வருடம், ஐப்பசி மழை விட்ட ஒரு நாள். கழிப்பறைக்குப் போகும் வழியில் உள்ள பிலாவின் கிளையில் பானை அளவில் கடந்தல் (குளவி) கூடு. இலை மறைத்ததால் அவ்வளவு வளரும்வரை எங்கள் கண்ணில் படவில்லை.

இங்கே அவசரம்தான் ஆபத்து. தீப்பந்தம் கட்டிக்கொண்டு வர இரண்டு பேர் அன்று மதியமே தயார். தலைமை ஆசிரியை கேட்டில் நின்றுகொண்டு, "ஆரும் பக்கத்துல போவாண்டாம்" என்று சொல்லிவிட்டார். தேனீ ஒரு முறை கொட்டினால் கொடுக்கைத் தோலில் விட்டுவிட்டுச் செத்துப் போகும். கடந்தல் அப்படியல்ல, ஒன்றே பல முறை கொட்டும், கூட்டில் அதிர்வு தெரிந்தால் கூட்டத்தோடு வரும். அந்த வழியைக் கயிறு கட்டி மூடினோம், ஆசிரியர் கழிப்பறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டோம், விளையாட்டைக் கேட் பக்கத்துக்கு மாற்றினோம். பந்து அந்தப் பக்கம் போனால் பந்து போகட்டும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். இரண்டாம் நாள் இருட்டின பிறகு உடல் முழுக்க மூடிய உடையோடு வந்து எடுத்தார்கள். ராத்திரியில் எல்லாம் கூட்டுக்குள் அடங்கியிருக்கும், கலைந்து ஆளைத் தேடாது.

காத்திருந்த நேரத்தில் ஆசிரியர்களுக்கு நான் எழுதி ஒட்டியது இதுதான்: கொட்டினால் குனிந்து, முகத்தை மூடிக்கொண்டு, கட்டடத்துக்குள் ஓட வேண்டும். கையை வீசக்கூடாது. உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ, மயங்கினாலோ ஒரு கொட்டு ஆனாலும் உடனே 108. அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் பல இடத்தில் கொட்டியிருந்தால் ஆஸ்பத்திரிதான், விஷம் தாமதித்துச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

அதே வளாகத்தின் கொல்லாமாவில் (முந்திரி மரம்) முசுறும் (கடிக்கிற சிவப்பு எறும்பு) இருக்கிறது. அதை எடுக்கவில்லை. மரத்தில் ஏறாதே என்று சொல்லியிருக்கிறோம். ஏறுகிறவனுக்கு முசுறே சொல்லிக் கொடுக்கும்.

நோட்டு

இப்போது அலுவலகத்தில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. யார், எங்கே, எதைப் பார்த்தார், என்ன செய்தோம், பலித்ததா. முதல் பக்கத்தில் நாங்கள் எழுதி ஒட்டிய நாலு வரிகள்: பிள்ளைகள் வளாகத்தில் இருக்கும்போது மருந்து அடிக்கக்கூடாது. பயிர் மருந்து கேட்டைத் தாண்டக்கூடாது. வேறு வழியே இல்லாமல் எதையாவது அடிக்க வேண்டி வந்தால் நீண்ட விடுமுறையின் தொடக்கத்தில், பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி, மருந்தின் பெயரை எழுதி வைத்து. மருந்தோ அதன் காலி டப்பாவோ பள்ளிக்குள் ஒரு ராத்திரிகூட இருக்கக்கூடாது.

கடைசி வரியைச் சத்துணவு அமைப்பாளர் சேர்க்கச் சொன்னார். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள், சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பயிர் மருந்து கலந்திருந்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவர் வெளியிலிருந்து வரும் எந்தப் பழைய டப்பாவையும் சமையலறைக்குள் விட்டதில்லை. எங்களுக்குத்தான் தாமதமாகப் புத்தி வந்தது.

தேனீக்காரர் மதிலுக்கு அந்தப்புறம் இரண்டு பெட்டி மறுபடி வைத்திருக்கிறார். நோட்டில் இன்னும் அடிக்கோடு போடாத ஒரு பதிவு உண்டு. தெற்குப் பக்கத்து விளையின் உரிமையாளர் வளைகுடாவில் இருக்கிறார். ரப்பர் விலை இறங்கியதும் பால் வெட்டை நிறுத்திவிட்டார். மரத்துக்கு மரம் பால் பிடிக்கிற சிரட்டை நிமிர்ந்தபடியே தொங்குகிறது, ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர். எங்கள் பக்கம் எவ்வளவு தேய்த்தாலும் கொசு அங்கிருந்து மதில் தாண்டி வருகிறது. மரத்தில் கைவைக்க அனுமதி வேண்டும், கவிழ்த்துவிட ஒரு மணி நேரம் போதும். அவருடைய அண்ணனின் நம்பர் போன வாரம்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கூப்பிட வேண்டும்.